சால்னாவில் வைத்த மருந்து

"வாயத் தொறந்து சொல்லுடி. கடைசியா அவன் ஒனக்கு என்ன வாங்கிக் குடுத்தான்?"

"பரோட்டாம்மா."

"பாத்தீகளாண்ணே! சால்னாவுலதான் வச்சிருக்கான் மருந்த!" மீனம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

கூத்தையா கண்ணை மூடித் தலையாட்டினார். யாருக்கு வசிய மருந்து வைத்தாலும் வயிற்றில் குழாயை வைத்து உறிஞ்சி எடுத்துவிடுவார் என்று ஆர்.எஸ்.மங்கலம் வட்டாரம் முழுக்க அவருக்குப் பேர்.

எதிரே பாயில் உட்கார்ந்திருந்த ஜோதிகாவுக்கு இருபத்து மூன்று வயது. ராமநாதபுரத்தில் ஒரு லேப்பில் வேலை, ஹாஸ்டலில் வாசம். மருந்தாவது மண்ணாங்கட்டியாவது என்று அவளுக்குத் தெரியாதா? ஆனால் முந்தாநாள் ஹாஸ்டலுக்கு வந்த அம்மா, காதலன் ராம்குமார் பெல்ட்டால் அடித்த தழும்பைக் கையில் பார்த்துவிட்டாள். அப்போது ஆரம்பித்த அழுகை இன்று இங்கே கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறது.

"அடிக்கிறவன எதுக்குடி இன்னும் கட்டிக்கிட்டு அழுகுற?"

"அடிச்சிட்டு அவனும் அழுவாம்மா. கால்ல விழுந்து, நீ இல்லைன்னா செத்துருவேம்பான்."

"அப்புறம்?"

"அப்புறம் மறுபடியும் அடிப்பான்."

"இது மருந்து இல்லாம வேற என்னவாம்?"

வேறு ஒன்று இருந்தது. அதை ஜோதிகா யாரிடமும் சொன்னதில்லை. போன வருஷம், சொந்தபந்தம் மொத்தமும் பார்க்க நடுத்தெருவில் நின்றுகொண்டு, "ராம்குமார் தங்கம். அவன விட்டுட்டு இந்த வாசல்ல வந்து நின்னேன்னா என்னைச் செருப்பால அடிங்க" என்று பெற்ற அய்யாவைப் பார்த்துக் கத்திவிட்டு வந்தவள் அவள். ஆறு மாதமாக அவனை விட்டுத் தொலைக்க வேண்டும் என்றுதான் தவித்துக்கொண்டிருந்தாள். எந்த முகத்தோடு ஊருக்குத் திரும்புவது? ஆயுசுக்கும் குத்திக் காட்டப் பெரியம்மா ஒருத்தி போதுமே!

மடியில் கிடந்த போன் அதிர்ந்தது. 'ஆறு மணிக்குள்ள இங்க இல்லைன்னா தெரியும் சேதி' என்று அனுப்பியிருந்தான் தங்கம்.

அந்த அய்யா, பூமிநாதன், வெளியே வேப்பமரத்தடியில் லோடு ஆட்டோ பக்கத்தில் உட்கார்ந்து, கிழிந்த மிளகாய்ச் சாக்கு ஒன்றை நீல நைலான் நூலால் தைத்துக்கொண்டிருந்தார். மண்டிக்குப் போகிற வழி என்பதால்தான் வந்தாராம். மகளோடு பேசி ஒரு வருஷம் ஆகிறது.

"சுத்தப் பித்தலாட்டம்" என்றார், சாக்கிடம்.

"நீங்க ஒங்க சாக்கத் தைங்க!" என்று உள்ளேயிருந்து ஒரு போடு போட்டாள் மீனம்மாள்.

கூத்தையா பித்தளைக் குழாயைச் சுடிதாருக்கு மேலேயே வைத்துக் கன்னம் ஒட்ட உறிஞ்சினார். முதல் தடவை ஒன்றும் வரவில்லை. இரண்டாவது தடவை அவர் முகம் ஒரு மாதிரி கோணியது. கண் இரண்டும் சிவந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்ட, "ஹா... ஹா..." என்று வாயைப் பிளந்தவர், கறுப்பாக எதையோ தட்டில் துப்பிவிட்டுச் செம்புத் தண்ணீரை மடக்மடக்கென்று குடித்தார். நெல்லிக்காய் அளவு உருண்டை.

"யம்மாடி! முப்பது வருஷத்துல இம்புட்டுக் காட்டமான மருந்த நான் எடுத்ததே இல்ல!" அதை அவர் மனதாரச் சொன்னதுபோல்தான் இருந்தது. மறுபடியும் தண்ணீர் கேட்டார். "இப்ப எப்படி இருக்கு தாயி?"

மீனம்மாள் கும்பிட்ட கையை இறக்கவில்லை. ஜோதிகா உருண்டையைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். பூட்டியிருந்த கதவை யாரோ திறந்து வைத்துக்கொண்டு, வா வா என்று கூப்பிடுகிற மாதிரி இருந்தது. விடுவாளா?

"பாரம் எறங்குன மாதிரி இருக்கு."

"அவன நெனச்சா?"

"எரிச்சலா வருது. இனி அவன் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்!"

நடிப்பதாக நினைத்துத்தான் ஆரம்பித்தாள். சொல்லி முடித்தபோது அத்தனையும் நிஜமாக இருந்தது. அங்கேயே, அந்தப் பாயிலேயே, அவன் நம்பரைப் பிளாக் செய்தாள்.

மீனம்மாள் போட்ட குலவையில் பக்கத்து வீட்டு ஆடுகள் மிரண்டன. அடுத்த நிமிஷம் போன், அதுவும் ஸ்பீக்கரில்.

"எக்கா, எம்புள்ள மேல ஒரு குத்தமும் இல்லக்கா! எல்லாம் மருந்து செஞ்ச வேலை!"

"அடி ஆத்தீ! நான் அன்னைக்கே நெனச்சேன், நம்ம ஜோதி அப்படிப் பேசுற புள்ளையான்னு! நேரா வீட்டுக்குக் கூட்டியா, கோழி அடிச்சு வைக்கிறேன்!"

பேசியது பெரியம்மாவேதான். ஜோதிகாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. ஆறு மாதம் பயந்தது இந்தப் பெரியம்மாவுக்கா?

"இத ஓடுற தண்ணியில போட்டுட்டுத் திரும்பிப் பாக்காமப் போங்க" என்று கூத்தையா உருண்டையை ஒரு காகிதத்தில் வைத்துக் கொடுத்தார். அம்மா அவருக்கு நன்றி சொல்லி முடிப்பதற்குள் ஜோதிகா அதை வாங்கிக்கொண்டு ஆட்டோவுக்கு வந்தாள். லேப்பில் வேலை பார்க்கிற கை சும்மா இருக்குமா? நசுக்கிப் பார்த்தாள். புளி, கரித்தூள், கொஞ்சம் முடி. எல்லாவற்றையும் சேர்த்துச் சுற்றிக் கட்டியிருந்தது ஒரு நூல். நீல நைலான் நூல்.

அவள் சாக்கைப் பார்த்தாள். பிறகு, சாக்கைத் தைத்துக்கொண்டிருந்த கையைப் பார்த்தாள்.

"அய்யா...?"

பூமிநாதன் ஊசியைக் கீழே வைத்தார். ஒரு வருஷத்துக்குப் பிறகு மகளை நிமிர்ந்து பார்த்தார்.

"நேத்து மொளகா அள்ளுன கையோடயே உருட்டிக் கூத்தையாகிட்டக் குடுத்துட்டேன் தாயி" என்றார் மெதுவாக. "பாவம், அந்தாளுக்கு வாயெல்லாம் வெந்துருக்கும்."