மேஸ்திரியின் வளையம்

பேராச்சி கொண்டுவந்த சீம்பால் சொம்பைக் கோமதி வாங்கினாள். வாங்கிய கையோடு வாசல் சாக்கடையில் கவிழ்த்தாள்.

"ஏட்டி, மாட்டுக் கொட்டில்ல வேல பாத்தா, அங்க உள்ளதையெல்லாம் எம் புருசன் வாயில ஊத்தணுமா? அவர பன்னி மாதிரி ஊத வச்சு, வர்ற வேலையக் கெடுக்கப் பாக்கியா?"

"பெரிய வேல! அந்தப் பாய்லருக்குள்ள போன எம் வீட்டுக்காரர எப்படிக் கொண்டாந்தானுவன்னு நீ பாக்கலையா? சாக்குல பொதிஞ்சுல்லா கொண்டாந்தானுவ!"

"வாயக் கழுவுட்டி! உனக்கு இல்லன்னா ஊருல ஒருத்தனுக்கும் இருக்கக் கூடாதோ?"

தாராவிச் சந்தே கூடி நின்று பார்த்தது. உள்ளே உட்கார்ந்திருந்த பிச்சையாவுக்கு, பொண்டாட்டி தன் பக்கம் நிற்பதில் பெருமை தாங்கவில்லை.

தீபாவளி லீவில்தான் மில் பாய்லரை ஆறவிட்டு, ஆளை உள்ளே இறக்கி, படிந்த உப்பைச் சுரண்டுவார்கள். ஆள் நுழைகிற வாய் ரொம்பச் சின்னது. அந்த அளவுக்கே ஓர் இரும்பு வளையம் அடித்து வைத்திருந்தார் மேஸ்திரி பிரம்மநாயகம். தசராவன்று அதில் நுழைந்து வெளியே வந்தவன் பிச்சையா ஒருத்தன்தான்.

"தீவாளிக்கு மொத நாளு இன்னொரு தடவ அளப்பேன்லே. அதுவரைக்கும் வாயக் கட்டு. உள்ள போயிட்டு வந்துட்டா மில்லுல உனக்கு நிரந்தர வேல," என்று சொல்லியிருந்தார்.

போன வருஷம் பேராச்சி புருஷன் பூதத்தானுக்கும் அவர் இதையேதான் சொன்னார். அவன் உள்ளே இருக்கும்போது யாரோ பக்கத்துப் பாய்லரின் நீராவியை அதற்குள் திறந்துவிட்டார்கள்.

பிச்சையா தோல் பட்டறைக் கூலி. தொட்டியில் நின்று நின்று மூக்கு எப்போதோ செத்துவிட்டது. எதைத் தின்றாலும் அவனுக்கு ஒன்றுபோலத்தான். மில் வேலை கிடைத்தால் தொட்டியை விட்டுக் கரையேறலாம்.

அதனால் சந்து முழுக்க முறுக்கும் அதிரசமும் வேகும்போது அவனுக்கு மூன்று வேளையும் கஞ்சி. கோமதி காவல் நின்றாள். ஒருநாள் பிள்ளைகளுக்கு வைத்திருந்த லட்டில் கை வைத்தான். கரண்டியால் மணிக்கட்டில் ஒன்று போட்டாள்.

"வைங்க கீழ! வேல வேணுமா, லட்டு வேணுமா?"

"பசிக்குது புள்ள."

"பசிச்சா இன்னொரு கும்பா குடிங்க. கஞ்சி குடிச்சு எவன் ஊதியிருக்கான்?"

"என்னட்டி இது, பசை மாதிரி இருக்கு?"

"ரேஷன்ல இந்தத் தடவ போட்ட அரிசி அப்படி. பேசாமக் குடிங்க."

தீபாவளிக்கு முந்தின நாள் மேஸ்திரி வளையத்தை நிமிர்த்திப் பிடித்தார். தலை போயிற்று. தோளும் போயிற்று. வயிற்றில் வந்து வளையம் நின்றுவிட்டது. மூச்சை இழுத்துப் பிடித்துத் திமிறினான். தோல்தான் சிராய்த்தது.

"என்னலே, மாமியா வீட்டு விருந்தா?"

"சத்தியமா கஞ்சிதான் மேஸ்திரி!"

"சல், நிகல்! வெளிய போலே! உன்ன வச்சுப் பாய்லருக்கு மூடிதான் போடலாம்."

நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். பிச்சையா வீட்டுக்குப் போகவில்லை. நேரே பேராச்சி வாசலுக்குப் போய், அங்கிருந்த பால் வாளியை எட்டி உதைத்தான்.

"தாலியறுத்தவளே! கண்ணு வச்சே எம் பொழப்ப அழிச்சிட்டியே! உனக்கு இப்பக் குளுந்துச்சா?"

சந்துக்கே சத்தம் போடுகிறவள், அன்றைக்குக் குனிந்து வாளியை மட்டும் நிமிர்த்தி வைத்தாள். அவனுக்கு அதுதான் இன்னும் ஆத்திரம். கையை ஓங்கினான்.

எங்கிருந்தோ ஓடிவந்த கோமதி குறுக்கே விழுந்து அந்தக் கையைப் பிடித்தாள். பேராச்சியைத் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டாள்.

"விடுட்டி! உனக்கும் எனக்கும் இவதான எதிரி? இவள இன்னைக்கு..."

"அடிக்கணும்னா ரெண்டு பேரையும் சேத்து அடிங்க," என்றாள் கோமதி. "எருமப் பாலாட குடுத்தது இவ, உங்க கஞ்சியில கரைச்சது நானு."