வெளிச்சம் பத்தலை

லோரெட்டாவை வேலையை விட்டு அனுப்பிவிடலாமா என்று மார்னி யோசிக்கத் தொடங்கியது, எழுபத்திரண்டு வயது வால்ட்டர் கர்ப்பமாக இருக்கிறார் என்று கம்ப்யூட்டர் சொன்ன அன்றைக்குத்தான்.

அந்தக் கிளினிக்கில் டாக்டரைப் பார்க்கும் முன் எல்லோரும் ஒரு டேப்லெட்டில் பதில் அமுக்க வேண்டும். என்ன மாத்திரை, சிகரெட் உண்டா, கர்ப்பமா என்று முப்பது கேள்வி. அதை எடுத்துக் கொடுப்பது வரவேற்பு மேஜை லோரெட்டா. பல பேருக்குத் திரையின் வெளிச்சத்தை அடிமட்டத்துக்கு இறக்கித்தான் கொடுப்பாள். பாவம் வால்ட்டர், மனைவி பக்கத்தில் உட்கார்ந்து உதவியும் தப்பான கட்டத்தை அமுக்கிவிட்டார்.

"டாக்டர் எனக்கு வாழ்த்துச் சொல்றார்மா" என்று அவர் சிரித்தபடிதான் சொன்னார். மானம் போனது மார்னிக்குத்தான். மேனேஜராக வந்து முழுசாக இரண்டு மாதம் ஆகவில்லை, அதற்குள் திரை தெரியவில்லை என்று நாலு புகார். மினசோட்டாக் குளிரில் நாற்பது மைல் வண்டி ஓட்டி வருகிறவர்கள், கோபம் வராதா?

எப்போது மேஜையில் வைத்துக் கேட்டாலும் லோரெட்டாவிடம் ஒரே பதில். "கூட்டினா பேட்டரி நிக்காதுங்க."

மார்னியும் லேசுப்பட்டவள் இல்லை. ஒரு டேப்லெட்டை வீட்டுக்கு எடுத்துப் போய் சோதனையே நடத்திவிட்டாள். பேட்டரியை அதிகம் தின்பது திரைதான், அது வாஸ்தவம். வெளிச்சத்தை இறக்கியபோது பதினொரு மணி நேரம் ஓடியது, முழுசாக ஏற்றியபோது ஏழுதான். ஆனால் கிளினிக் திறந்திருப்பதே எட்டு மணி நேரம். மதியம் சாப்பாட்டு வேளையில் சார்ஜில் போட்டால் தீர்ந்தது.

இதை அவள் மேஜைக்கு முன்னாலேயே நின்று, காத்திருப்பவர்கள் காதுபடச் சொன்னாள். லோரெட்டா அவர்களை ஒரு சுற்றுப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தவள் அடக்கிக்கொண்டாள்.

"பேட்டரி நிக்காதுங்க" என்றாள் மறுபடியும்.

என்ன திமிர்! பத்தொன்பது வருஷம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்த திமிர். மார்னி தன் அறைக்குப் போய் எச்சரிக்கைக் கடிதத்தை அடித்தாள். ஏற்கெனவே இரண்டு கொடுத்தாயிற்று, இது மூன்றாவது. மூன்றாவது வந்தால் வேலை போய்விடும். லோரெட்டா ஓய்வு பெற இன்னும் ஒன்றரை வருஷம்தான் பாக்கி என்பது நினைவுக்கு வந்து சங்கடமாகத்தான் இருந்தது. இருந்தாலும் கையெழுத்தைப் போட்டாள்.

கடிதத்தோடு வெளியே வந்தபோது மேஜை முன் ஒரு தம்பதி. பனி ஒட்டிய பூட்ஸோடு புருஷன் முன்னால், பெண்டாட்டி ஓரடி பின்னால்.

"ஷெல்பி, பிறந்த தேதி சொல்லு கண்ணு" என்று லோரெட்டா அந்தப் பெண்ணைத்தான் கேட்டாள். சொன்னது அவன். என்ன தொந்தரவு என்றதற்கும் அவன்தான் பதில் சொன்னான். ஐஸில் வழுக்கி விழுந்துவிட்டாளாம், மணிக்கட்டு வீங்கிவிட்டதாம்.

லோரெட்டா வழக்கம்போல வெளிச்சத்தை இறக்கி டேப்லெட்டைக் கொடுத்தாள். மார்னி பல்லைக் கடித்தாள். சரி, இவர்கள் போகட்டும் என்று ஓரமாக நின்றாள்.

இருவரும் போய் உட்கார்ந்ததும் அவன் தோளோடு தோள் சாய்ந்து எட்டி எட்டிப் பார்த்தான். ஷெல்பி டேப்லெட்டை மூக்குக்குக் கிட்டே வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக அமுக்கினாள்.

"என்னடி கேட்டிருக்கு?"

"தடுப்பூசி போட்டிருக்கேனான்னு."

அவன் எழுந்து மேஜைக்கு வந்தான். "ஏங்க, வெளிச்சம் பத்தலை. ஒரு எழவும் தெரியலையே."

"பழைய பேட்டரிங்க, மன்னிச்சுக்கங்க" என்றாள் லோரெட்டா.

அது பொய், நானே சோதித்துப் பார்த்தேன் என்று சொல்ல மார்னிக்கு வாய் துறுதுறுத்தது. அதற்குள் ஷெல்பி டேப்லெட்டைக் கொண்டுவந்து வைத்தாள். நர்ஸ் வந்து எக்ஸ்ரேக்குக் கூட்டிப்போனாள். அவனும் பின்னாலேயே கிளம்பினான். எக்ஸ்ரே அறைக்குள் வேறு யாரையும் விடுவதில்லை என்று நர்ஸ் கதவைச் சாத்தியதும், முணுமுணுத்தபடி சிகரெட் பிடிக்க வெளியே போனான்.

மார்னி அந்த டேப்லெட்டை எடுத்துக்கொண்டு லோரெட்டாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டாள்.

"இந்த இருட்டுல உங்களால படிக்க முடியுதா, சொல்லுங்க" என்று கேட்டபடி விரலால் வெளிச்சத்தை முழுசாக ஏற்றினாள்.

கடைசிக் கேள்வி பளிச்சென்று தெரிந்தது. 'வீட்டில் உங்களை யாராவது அடிக்கிறார்களா?'

'ஆம்' என்ற கட்டத்தை ஷெல்பி அமுக்கியிருந்தாள்.

இந்தக் கேள்வி அந்த முப்பதில் இருப்பது மார்னிக்குத் தெரியாதா என்ன? தெரியும். தன் அறையில் தனியாக உட்கார்ந்து படித்திருக்கிறாள்.

"டாக்டருக்கு அப்பவே தகவல் போயிடுச்சுங்க. உள்ளே அவகிட்ட தனியா பேசிட்டிருக்காங்க" என்றாள் லோரெட்டா. தனியாக வருகிறவர்களுக்கு முழு வெளிச்சத்தில்தான் கொடுக்கிறாளாம். யாரோடாவது வந்தால் மட்டும், அது யாராக இருந்தாலும், இறக்கிவிடுவாளாம். இதைப் போய் அத்தனை பேர் முன்னால் மேஜையில் வைத்து எப்படிச் சொல்வது என்றாள்.

மார்னி கடிதத்தை மெல்ல மடித்தாள். "எப்போலேர்ந்து இப்படிப் பண்றீங்க?"

"போன மார்ச்லேர்ந்துங்க. அன்னைக்கு வெளிச்சத்தை முழுசா வெச்சுதான் கொடுத்தேன். அவன் பக்கத்துல உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தா படிச்சான். இதே ஷெல்பி, இதே கேள்வி. 'இல்லை'ன்னு அமுக்கிட்டு அவன்கூடவே வீட்டுக்குப் போனா."