வளைவில் இரண்டு நிமிஷம்

“நாப்பத்திநாலு வயசாச்சு, தலையும் பாதி நரைச்சாச்சு. இந்த வயசிலயா மக்கா ஒனக்கு இந்தச் சூக்கேடு, இந்தச் சத்தப் பைத்தியம்?”

அதே தெருக்காரர் கருணாகரன் கேட்டது ரெஜினின் காதில் விழவில்லை. அவன் பைக் அப்படி அலறிக்கொண்டிருந்தது.

பஸ் நிறுத்தத்தை ஒட்டிய வளைவு அது. மாலை ஐந்து மணி. தனுவச்சபுரத்தில் படிக்கிற பிள்ளைகள் வந்து இறங்கும் நேரம். ஒரு ஆபீசில் கிளார்க்காக இருக்கும் ரெஜின் தினமும் சொல்லிவைத்த மாதிரி அந்த நேரத்துக்கு வந்து நிற்பான். வீடு என்னவோ கூப்பிடு தூரம்தான். ஆனால் போகமாட்டான். காலை ஊன்றிக்கொண்டு ஆக்ஸிலேட்டரை முறுக்குவான், முறுக்குவான், இரண்டு நிமிஷம் முறுக்குவான். அப்புறம்தான் கிளம்புவான்.

பெண்பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு சிரிக்கும்.

கருணாகரனும் ஒரு காலத்தில் சைலன்சரைக் கழற்றி வைத்துவிட்டுப் பாறசாலை வரை பறந்தவர்தான். அந்த வயதுக்கு அது அழகு என்பது அவர் கட்சி. இப்போது அறுபத்தாறில், தெருமுனையில் ஒரு பைக் உறுமினாலே அவருக்கு நெஞ்சு படபடக்கிறது.

ரெஜினும் அந்த வயதில் ஆடி அடங்கியவனே. போன வருஷம் ஒர்க்‌ஷாப் ஜிதினின் பைக் சத்தம் தாங்கவில்லை என்று போலீசுக்கு மனு எழுதியதே அவன்தான். அதே ரெஜின், மூன்று மாதம் முன்பு அதே ஜிதினிடம் போய், “இதைவிடச் சத்தம் வாற சைலன்சர் உண்டாலே?” என்று கேட்டு மாட்டிக்கொண்டு வந்தால் ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்?

இந்தத் தடவை மனு எழுதியது கருணாகரன். பதினோரு பேர் கையெழுத்து. முதல் கையெழுத்தே ரெஜினின் அப்பா கிளீட்டஸ் போட்டது.

கிளீட்டஸ் ஐம்பது வருஷம் கடலில் வலை இழுத்தவர். ஆறு மாதத்துக்கு முன் வாதம் வந்து ஒரு பக்கம் தளர்ந்து, காரக்கோணம் ஆஸ்பத்திரியில் கிடந்து மீண்டு வந்தார். நேற்று கருணாகரன் மனுவோடு போனபோது வராந்தா நாற்காலியில் ராஜா மாதிரி இருந்தார்.

“தாரும் அந்தப் பேனாவ. எனக்க மகன்னாலும் நியாயம் நியாயமாக்கும். அஞ்சு மணியானா எனக்க உயிர எடுக்கியான் அந்தப் பய.”

அந்தத் தாளோடுதான் கருணாகரன் இன்று வளைவுக்கே வந்துவிட்டார். பேசிப் பார்த்துப் பயனில்லை என்று பைக் சாவியில் கையை வைத்தார்.

ரெஜின் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். “ஆஃப் பண்ணாண்டாம் மாமா!”

“ஒனக்க அப்பனே கையெழுத்துப் போட்டிருக்காரு. பாரு!”

ரெஜின் ஒரு கையால் முறுக்கிக்கொண்டே தாளைப் பார்த்தான். அவன் முகம் மலர்ந்தது.

“கை நடுங்கவே இல்ல, கண்டேளா? நல்லாப் போட்டிருக்காரு.”

கருணாகரனுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. “சிரிக்கியா? இந்தப் பெண்பிள்ளையளுக்கு முன்ன வச்சு, வெக்கம் மானம் வேண்டாமாலே?”

“மாமா, கொஞ்சம் இஞ்ச வாங்க. அந்த மரச்சீனிக்கு எடயில பாருங்க. தலைய நீட்டாண்டாம்.”

கருணாகரன் வேண்டாவெறுப்பாக எட்டிப் பார்த்தார். மரச்சீனிச் செடிகளுக்கு அந்தப் பக்கம், சரிவில், கிளீட்டஸின் முற்றம் தெரிந்தது. முற்றத்தின் நடுவில் கிளீட்டஸ். நாலு கால் வாக்கர் ஒன்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பனியன் வேர்வையில் ஒட்ட, ஒவ்வொரு எட்டாக வீட்டைப் பார்த்து நகர்ந்துகொண்டிருந்தார்.

“எடே, நடக்கியாரே!”

ரெஜின் அவர் காதோடு வாயை வைத்துச் சொன்னான்.

“ஆளில்லாத நேரத்தில மட்டுமாக்கும். எனக்க பெண்டாட்டி ஷைனாவும் பிள்ளையளும் ஆறு மணிக்குத்தான் வருவினும். அதுக்குள்ள முற்றத்தச் சுத்திச் சுத்தி நடக்கியாரு. எங்களுக்கு முன்ன அதத் தொடமாட்டாரு. ‘கெழவனுக்குள்ள சாமானம் எனக்கு எதுக்கு’ன்னு வாங்கின அன்னைக்கே தூக்கி எறிஞ்சவராக்கும்.”

“அதுக்கு நீ இஞ்ச நின்னு...”

“மூணு மாசத்துக்கு முன்ன ஒருநாள் சத்தமில்லாம வாசல்ல போய் நின்னுட்டேன் மாமா. அவசரமா அத ஒளிக்கப் போய் விழுந்தாரு. நெத்தியில நாலு தையல். கேட்டதுக்கு, கோழிய வெரட்டினேன்னாரு. நானும் வாக்கர் கண்ணில படாத மாதிரி இருந்திட்டேன்.”

“கண்டேன்னு சொன்னா என்ன குடி முழுகியா போச்சு?”

“நாளைக்கே நடத்தத்த நிறுத்திருவாரு. கட்டில்ல கிடந்திருவாரு. கிடந்தா எழும்பமாட்டாருன்னு டாக்டரு சொல்லியாச்சு.” ரெஜின் மறுபடி மரச்சீனிக்கு இடையில் பார்த்தான். “இந்தச் சத்தம் இஞ்ச கேட்டிட்டே இருக்கும் வரை நான் வீட்டுக்கு வரேல்லன்னு அவருக்குத் தெரியும். உள்ள போய் அதக் கட்டிலுக்கடியில தள்ளிட்டு, நாற்காலியில வந்து இருக்க ரெண்டு நிமிஷம் வேணும். அவ்வளவுதான்.”

பேச்சில் அவன் கை தளர்ந்து, பைக்கின் சத்தமும் தணிந்திருந்தது. கீழே முற்றத்தில் கிளீட்டஸ் பதறிப்போய் வழியைத் திரும்பிப் பார்த்தார். வாக்கர் ஒரு பக்கம் சாய்ந்தது.

கருணாகரன் மனுவை நாலாக மடித்து வேட்டியில் செருகிக்கொண்டே கத்தினார்:

“எலே, கைய விடாத! நல்லா முறுக்கு மக்கா, ஆளு இன்னும் படி ஏறல்ல!”