தவறு எண் மூன்று

‘ஜூன் 10, சனி. என் தவறு: சளி பிடித்து மூக்கு அடைத்திருந்தது. வைனுக்கான பார்ஸ்லி இலைகளை முகர்ந்து பார்க்காமலே பறித்துவிட்டேன்.’

மூன்று வாரத்துக்கு முன் எழுதிய அந்த வரியைத் தங்கை மறுபடி படித்தாள். மாலை வகுப்பில் வைன் போடக் கற்றுத்தந்த டீச்சர் அப்போதே தலைபாடாய் அடித்துக்கொண்டார்: கொத்தமல்லி போலிருக்கும் பார்ஸ்லி மாதிரியே ஒரு நச்சுக்களை வேலியோரம் முளைக்கும், வாசனை ஒன்றுதான் வித்தியாசம்.

தவறுகளைக் குறித்துவைக்கும் அந்த நோட்டு எப்போதும் சாப்பாட்டு மேசையிலேயே கிடக்கும். அக்கா அதைத் தினமும் படித்துச் சிரிப்பாள். இன்று அவளும் சிரிக்கவில்லை.

உள்ளறையில் அத்தான் முனகினார். இன்னும் புளித்து முடியாத வைனை மதியம் ஒரு டம்ளர் ஊற்றிக்கொண்டு, “விஞ்ஞானி, உன் கஷாயம் ஆளைத் தூக்குமா, வெறும் வயித்தைத்தான் கலக்குமா?” என்று அவளைச் சீண்டியவர். இப்போது கால் இரண்டும் மரத்துவிட்டது என்கிறார்.

ஆம்புலன்ஸைக் கூப்பிடப் போனவளின் கையிலிருந்து அக்கா போனை வாங்கிக்கொண்டாள்.

“உனக்கு ஒழுங்காச் சொல்ல வராது. நான் பேசறேன்.” வாசலுக்குப் போனவள் சீக்கிரமே திரும்பினாள். “வந்துட்டிருக்காங்க. நீ போய் வைன் ஜாடியைப் பாரு. டாக்டர் கேட்டா சொல்லணுமில்ல?”

ஜாடியின் வாயில் துணியை நூலால் முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தது.

“அக்கா, நான் எப்பவும் ரப்பர் பேண்டுதானே போடுவேன்?”

“அவசரத்துல கட்டியிருப்பே. உனக்கு எதுதான் ஞாபகம் இருக்கு?”

அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும். தவறு எண் இரண்டு என்று குறித்துக்கொண்டாள்.

ஜாடியை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தாள். அடியில் நாலைந்து இலைகள், பறித்த பச்சை மாறாமல் கிடந்தன. இரண்டாம் நாளே வடிகட்டியாயிற்றே? ஒழுங்காக வடிகட்டவில்லை போலிருக்கிறது. தவறு எண் மூன்று.

“எல்லாம் என்னாலதான்க்கா. அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா...”

அக்கா கண்ணாடி முன் நின்று, போன மாதம் அத்தான் வீசிய தட்டு கிழித்த நெற்றித் தழும்பின் மேல் முடியை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

“அழாதே. ஒண்ணு விடாம எழுதிட்டியா?”

“எழுதிட்டேன்.”

உள்ளே முனகல் நின்றிருந்தது. தெருவிலும் சத்தமில்லை.

“ஆம்புலன்ஸை இன்னும் காணோமேக்கா?”

அக்கா போனை அணைத்து, மேசை டிராயருக்குள் வைத்துப் பூட்டினாள்.

“நாளைக்குக் காலையில கூப்பிடலாம். வர்றவங்ககிட்ட அந்த நோட்டை நீயே குடுத்துடு.”