நடிப்புக்குப் பூஜ்யம்

“நடிப்புக்குப் பூஜ்யமா? பிக்-ஹா அக்கா, முன்னால ஒண்ணு போட மறந்துட்டீங்களா?”

ஃபோக் மதிப்பெண் தாளை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“மறக்கல. பூஜ்யம்தான்” என்றார் பிக்-ஹா. அன்னாசி பன்னைப் பிட்டு ஒரு பாதியை யீ-மான் பக்கம் நகர்த்தினார்.

யீ-மான் அதைத் தொடவில்லை.

ஷாம் ஷுய் போ பேட்டையில், ஃபோக்கின் பழைய பட டிஸ்க் கடைக்கு மேலே இருக்கும் அறை அது. யாருக்கும் ஞாபகமில்லாத மலிவுப் படங்களையும் பழைய டிவி நாடகங்களையும் பார்த்து மார்க் போடுகிற சங்கத்துக்கு மூன்றே நடுவர்கள். வருஷத்துக்கு ஒன்றைத்தான் சுத்தம் செய்து புதுப் பிரதி எடுக்க முடியும். இந்த வருஷம் கடைசியில் மிஞ்சியவை இரண்டு. ஒன்று ‘முதலைக் கிணறு’ என்ற மலிவுப் படம். மற்றது, எழுபத்து நாலில் ஒரே ஒரு தடவை ஒளிபரப்பான ‘படகுத்துறை’ என்ற நாடகம். அதற்கு இருப்பது ஒரே நாடா. அதிலும் பூஞ்சை பிடித்துவிட்டது. அடுத்த வருஷம்வரை தாங்காது.

யீ-மான் இந்த வருஷம்தான் நடுவரானாள். பத்து மாதக் குழந்தையை எதிர்வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தாள்.

‘படகுத்துறை’யில் ஒரு தாய், குழந்தையைத் துறையில் வைத்துவிட்டுப் போய்விடுகிறாள். குழந்தை அழுகிறது. நாலு நிமிஷம், வெட்டே இல்லாத ஒரே ஷாட். அது முடிந்ததும் யீ-மான் எதிர்வீட்டுக்கு போன் போட்டாள்.

“எழுந்துட்டானா? அழறானா?”

“ஏம்மா, நாடகத்துல குழந்தை அழுதா நீ எதிர்வீட்டுல விசாரிப்பியா?” என்று சிரித்தார் ஃபோக்.

தூங்குகிறான் என்று தெரிந்த பிறகுதான் அவள் பேனாவை எடுத்தாள். நடிப்புக்குப் பத்துக்குப் பத்து.

இப்போது ஃபோக் எல்லாவற்றையும் கூட்டி முடித்தார்.

“ரெண்டு மார்க்குல முதலை ஜெயிக்குது.”

“முதலையா? அண்ணே, அது வயித்துல ஜிப்பு தெரியுதுண்ணே!”

“அதுவும் பாதி திறந்த ஜிப்பு. அதுக்கு அக்கா நடிப்புல ஏழு போட்டிருக்காங்க. முதலைக்கு ஏழு, பச்சைக் குழந்தைக்குப் பூஜ்யம். ரொம்ப நல்ல நியாயம்!”

“ஜூலை வெயில்ல ஒருத்தன் ரப்பருக்குள்ள பூந்துகிட்டு நாள்பூரா தவழ்ந்திருக்கான்யா. இஷ்டப்பட்டு செஞ்சிருக்கான். ஏழு போடலாம்” என்றார் பிக்-ஹா.

யீ-மானுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எந்தக் குப்பையைப் போட்டுக் காட்டினாலும், ‘பாவம், உழைச்சிருக்காங்க’ என்று ஆறுக்குக் குறையாமல் மார்க் போடுகிறவர் பிக்-ஹா. அவருக்கு இன்றைக்கு மட்டும் என்ன வந்தது?

“அக்கா, ஒரு மூணு போடுங்க. மூணே மூணு. அந்த நாடா பிழைச்சுக்கும்.”

“போட முடியாதும்மா.”

ஃபோக் யீ-மானின் காதோரம் குனிந்தார். ரகசியம் என்றுதான் பேர், அறை முழுக்கக் கேட்டது.

“அந்த நாடகத்துல டைரக்டருக்கு உதவியாளரே இவங்கதான். ஷூட்டிங் முடிஞ்ச மறுநாளே வேலையை விட்டுத் தூக்கிட்டாராம். அம்பது வருஷப் பகை!”

“எனக்குக் காது நல்லா கேக்குது ஃபோக்” என்றார் பிக்-ஹா. “தூக்கினது நிஜம்தான்.”

யீ-மானால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை.

“அந்த டைரக்டர் செத்தே இருபது வருஷம் ஆகுது. அவர் மேல இருக்கிற கோபத்தை ஒரு குழந்தை மேல காட்டறீங்களே அக்கா, உங்களுக்கும் ஒரு பிள்ளை இருக்கானில்ல?”

“இருக்கான். வான்கூவர்ல.”

அவ்வளவுதான் பதில். யீ-மான் பிடுங்காத குறையாக அந்தத் தாளை வாங்கிப் பார்த்தாள். கதைக்கு எட்டு. ஒளிப்பதிவுக்கு ஒன்பது. நடிப்புக்குப் பூஜ்யம். இயக்கத்துக்கு…

பத்து.

“உங்களைத் துரத்தினவருக்குப் பத்தா?”

“நல்லா எடுத்திருக்கார். நல்ல மனுஷன்.”

“அப்போ குழந்தை என்னக்கா பண்ணுச்சு? அந்த அழுகையைக் கேட்டு நான் போனையே எடுத்துட்டேன். அப்படி ஒரு நடிப்பு…”

“நடிப்பா?”

பிக்-ஹா முதல் தடவையாக அவளை நிமிர்ந்து பார்த்தார். குரல் மட்டும் உயரவில்லை.

“ஒன்பது மாசக் குழந்தைக்கு நடிக்கத் தெரியுமாம்மா? நீயும்தானே ஒண்ணு வளக்கறே?”

தான் போட்ட பத்து யீ-மானுக்கே சுட்டது.

“அன்னிக்கு வரவேண்டிய குழந்தைக்குக் காய்ச்சல். பக்கத்துலதான் வீடு, ஓடிப்போய் என் பையனைத் தூக்கிட்டு வந்தேன். அவனைத் துறையில உட்கார வெச்சுட்டு நான் விளக்குக்குப் பின்னால நின்னேன். இருட்டுல அவனுக்கு நான் தெரியல. என்னைத் தேடித்தான் அழுதான்.”



யீ-மானுக்குக் கண் கலங்கிவிட்டது. “நாலு நிமிஷம்! தூக்கக் கூடாதுன்னு அந்த டைரக்டர் தடுத்துட்டாரா அக்கா?”

“இல்லம்மா. ‘போதும், புள்ளையைத் தூக்கு’ன்னு அவர் ரெண்டு தடவை சொன்னார்.”

பிக்-ஹா தாளைத் திரும்ப வாங்கி, பூஜ்யத்துக்குக் கீழே நிதானமாகக் கையெழுத்துப் போட்டார்.

“‘நல்லா வருது சார், இன்னும் கொஞ்சம் ஓடட்டும்’னு சொன்னவ நான்.”