பெட்டிமேல் பொட்டு

நாலு வருடம் மாரடித்து, இரும்பும் நைட்ரஜனும் மூன்று பிணைப்பால் இறுகக் கட்டிக்கொண்ட படிகம் ஒன்றை ஆராய்ச்சி மாணவன் இளஞ்செழியன் உண்டாக்கியிருந்தான். காற்று பட்டால் துருவாகிவிடும் என்று காற்றில்லாத கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்தான்.

ஆயுதபூஜை லீவு முடிந்து வந்து பார்த்தால் படிகம் துருப்பொடியாகக் கிடந்தது. பெட்டிமேல் குங்குமப் பொட்டு.

"யாரு வச்சது?"

"நாந்தான் தம்பி. புரொபசர் எல்லா மெஷினுக்கும் வைக்கச் சொன்னாரு. வெளியதான் வச்சேன்," என்றார் உதவியாளர் அல்போன்ஸ்.

"சர்ச்சுக்குப் போற ஆளு, உங்களுக்கெதுக்கு குங்குமம்? உங்க மூடநம்பிக்கையால என் பிஎச்.டி.யே போச்சு."

பொட்டு வைக்கச் சொன்ன பேராசிரியரே அல்போன்ஸை அன்றைக்கே வேலையைவிட்டு நிறுத்தினார்.

எல்லோரும் போனபின் இளஞ்செழியன் பெட்டிக்குள் கைவிட்டு, லீவுக்கு முன் படிகத்துக்குக் காவலாகத் தானே வைத்த காகிதப் பொட்டலத்தை எடுத்தான். அதில் மணக்குளப் பிள்ளையார் திருநீறும், படிகத்தைத் துருவாக்கப் போதுமான காற்றும் இருந்தன.