கருப்பியின் ஒற்றைக் கொம்பு

குளத்துக்கு மூன்று வருஷமாக நரிதான் தலைவர். சுட்டி ஆட்டின் இரண்டு குட்டிகளில் ஒன்று, தண்ணீர் குடிக்கப் போய்த் திரும்பாததும் அந்த ஆட்சியில்தான். தேர்தல் வந்தது. நரியை எதிர்த்து யாரை நிறுத்துவது என்று ஆடுகள் கூடிப் பேசின.

“நம்ம கருப்பியை நிறுத்துவோம். அன்னைக்குக் குளத்தங்கரையில நரியை முட்டி விரட்டினவ அவ ஒருத்திதானே” என்றது சுட்டி.

“எங்களுக்கும் அவளைத்தான் பிடிக்கும்” என்றது கிழக்கடா. “ஆனா முட்டினதுல ஒரு கொம்பு போயிடுச்சே. எருமைங்க ஓட்டு இல்லாம ஜெயிக்க முடியாது. அதுங்க கொம்பைப் பார்த்துத்தான் மதிக்கும். நம்ம மணியன் கடாவுக்கு ரெண்டும் முழுசா இருக்கு.”

“அன்னைக்கு முதல்ல ஓடினதே மணியன்தான்.”

“அது எருமைங்களுக்குத் தெரியுமா?”

சுட்டி எவ்வளவோ கத்திப் பார்த்தது. ஆடுகள் மணியனையே நிறுத்தின. நரியே ஜெயித்தது.

மறுநாள் சுட்டி குளத்துக்குப் போய், சேற்றில் படுத்திருந்த எருமையிடம் சண்டை பிடித்தது. “முழுக் கொம்பனைத்தானே நிறுத்தினோம்? ஏன்க்கா ஓட்டுப் போடலை?”

எருமை அசைபோடுவதை நிறுத்தியது. “அவன் ஓடினதை இங்கே படுத்துதானே பார்த்தோம், தங்கச்சி. கருப்பி நிப்பான்னு இருந்தோம். எங்களை ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

சுட்டி திரும்பி வந்தபோது கிழக்கடா அடுத்த தேர்தலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. “மணியன் கொம்பு எருமைங்களுக்குப் போதலை. இன்னும் நீளமான கொம்பா பார்க்கணும்.”

சுட்டி மிச்சமிருந்த குட்டியைக் கூட்டிக்கொண்டு போய்க் கருப்பியின் பக்கத்தில் படுத்துக்கொண்டது.